ஓ.டி.பி.க்காகக் காத்திருக்கும் நோயாளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மருத்துவச் செயலிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் சர்க்கரை நோயால் காலில் புண் ஆறாமலிருந்த பக்கத்து வீட்டு மூதாட்டியைத் துணை சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவரிடம் காணொளியில் காட்டிவிடலாம் என்று செவிலியர் செயலியைத் திறந்தார். அது ஓ.டி.பி. கேட்டது. மூதாட்டியின் பெயரில் பதிவாகியிருந்ததோ, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனின் எண். ஷிப்டில் இருந்த மகன் போனை எடுத்து எண்ணைச் சொல்வதற்குள் அதன் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி முயன்றபோது இங்கே டவர் இல்லை. கடைசியில் செவிலியர் மேட்டில் ஏறி நின்று, தம் சொந்தப் போனில் மருத்துவரை அழைத்து, புண்ணின் அளவையும் நிறத்தையும் சொல்லிக் கேட்டு மருந்து கொடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, வீட்டிலிருந்தே காணொளியில் மருத்துவரைப் பார்க்க மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை வழிசெய்தது. அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் நோயாளி ஒவ்வொருவர் கையிலும் சொந்த எண்ணும் ஸ்மார்ட்போனும் இருக்கும் என்று எண்ணிச் செய்யப்படும் செயலி மலையேறாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் எங்கள் பகுதியில் எடுபட்டதற்குக் காரணம், வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருபவர் நமக்குத் தெரிந்த பெண் என்பதே. கைபேசி அவரிடம் இருந்தால் போதும்.

ஓ.டி.பி. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கத்தான் என்பார்கள். நாள் தள்ளிப்போனதைச் செவிலியரிடம் மட்டும் சொல்ல வந்த மருமகளுக்கான ஓ.டி.பி., வீட்டில் இருக்கும் ஒரே போனான மாமனார் போனுக்குப் போகும்போது காக்கப்படுவது எது?

ஆகவே, சுகாதாரப் பணியாளரின் அடையாளத்தைக் கொண்டே நோயாளியைப் பதிவுசெய்யவும், டவர் இல்லாதபோது விவரங்களைச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்பவும் செயலிகளில் வழி வேண்டும். செவிலியர் மேட்டில் நின்று பேசிய அந்தச் சாதாரண அழைப்பும் மருத்துவ ஆலோசனையாகப் பதிவாக வேண்டும். இன்றைக்கு அது எந்தக் கணக்கிலும் இல்லை. செயலியைப் பொறுத்தவரை அந்த மூதாட்டிக்கு வைத்தியமே நடக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஈரோடு மாவட்டம்.