அட்டவணைக்கு முன்னால் 'விட' இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பக்கங்களில் 'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' (ஒப்பீட்டு நிலைகள்) என்று தலைப்பு வந்தால், கீழே பாசிட்டிவ், கம்பாரட்டிவ், சூப்பர்லேட்டிவ் என்று மூன்று கட்டம் போட்ட அட்டவணை வந்துவிடும். குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலஸ்ட். மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லி அத்தோடு முடித்துவிடுவார்கள். அட்டவணையில் தவறில்லை. ஆனால் அதை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைதான் விடைத்தாளில் 'மோர் பெட்டர்' என்றும் எழுதுகிறது. சறுக்கல்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டங்களுக்கு வெளியே நடக்கின்றன. அவற்றில் பலவற்றின் வேர் தமிழில் இருக்கிறது என்பதால் பாடத்தைத் தமிழிலிருந்தே தொடங்கலாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். (ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் மோரும் தேனுமாகப் பந்தி பரிமாறியதுபோல் தெரியும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

'இது பெரியது.' 'அதை விட இது பெரியது.' 'எல்லாவற்றிலும் இது பெரியது.' மூன்றிலும் 'பெரியது' அசையவே இல்லை. ஒப்பிடும் வேலையை 'விட', 'இலும்' ஆகியவை பார்த்துக்கொள்கின்றன. அவையும் பண்புச் சொல்லில் ஒட்டாமல், எதோடு ஒப்பிடுகிறோமோ அந்தப் பெயரோடு போய்ச் சேர்கின்றன. ஐந்தாம் வேற்றுமையின் ஒப்புப் பொருளுக்கு இலக்கண ஆசிரியர்கள் காட்டும் 'காக்கையிற் கரிது களம்பழம்' (காக்கையை விடக் கரியது களாப்பழம்) என்பதிலும் இதே கதைதான். 'கரிது' அப்படியே நிற்கிறது, 'இல்' சுமக்கிறது. ஆங்கிலத்தில் சுமை இரண்டு இடத்தில் விழுகிறது. 'பிக்' என்பது 'பிக்கர்' ஆக வேண்டும், அதற்கு மேல் 'தேன்' என்ற சொல்லும் வர வேண்டும். தமிழ்ப் பழக்கத்தில் வருகிறவர் 'விட' என்பதற்கு 'தேன்' போட்டதும் கடமை முடிந்தது என்று நினைத்து 'திஸ் இஸ் பிக் தேன் தட்' என்று எழுதிவிடுகிறார். கவனக்குறைவு என்று இதற்குச் சிவப்பு மையில் கோடு போடுவதில் பயனில்லை. அவர் தமிழைச் சரியாகத்தான் பின்பற்றியிருக்கிறார்.

'மோர் பெட்டர்' வருவது வேறு வழியில். பேச்சில் 'இதை விட அது இன்னும் நல்லா இருக்கு' என்கிறோம். அந்த 'இன்னும்' ஆங்கிலத்துக்குப் போகும்போது 'மோர்' ஆகிவிடுகிறது. 'பெட்டர்' என்ற சொல்லுக்குள் 'இன்னும்' ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்று ஒரு தரம் காட்டிவிட்டால் போதும். ஆங்கிலேயர்களே 16ஆம் நூற்றாண்டில் இப்படி இரட்டையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான். பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் அதைத் தவறு என்று ஒதுக்கினார்கள், இன்று எழுத்தில் அது தவறுதான்.

'ரொம்ப' கொஞ்சம் சிக்கலானது. 'ரொம்பப் பெரிசு', 'அதை விட ரொம்பப் பெரிசு' என்று தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ரொம்ப' போதும். ஆங்கிலத்தில் முதலாவது 'வெரி பிக்', இரண்டாவது 'மச் பிக்கர்'. 'வெரி பிக்கர்' கிடையாது. கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் 'எ லிட்டில் பிக்கர்', மிகவும் அதிகம் என்றால் 'ஃபார் பிக்கர்'. சூப்பர்லேட்டிவில் மட்டும் 'தி வெரி பெஸ்ட்' என்று 'வெரி' மறுபடியும் உள்ளே வரும்.

அடுத்து, எதற்கு 'இ-ஆர்' சேர்ப்பது, எதற்கு 'மோர்' போடுவது என்ற கேள்வி. சின்னச் சொல்லுக்கு 'இ-ஆர்', பெரிய சொல்லுக்கு 'மோர்' என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் எழுத்தை எண்ணுவார்கள். 'ஸ்ட்ரெய்ட்' என்ற சொல்லில் 8 எழுத்து, அதற்கு 'இ-ஆர்'. 'ஃபேமஸ்' என்பதில் 6 எழுத்துதான், அதற்கு 'மோர்'. எண்ண வேண்டியது அசையை, அதாவது உயிரொலிகளை. முகவாய்க்கு அடியில் புறங்கையை வைத்துச் சொல்லைச் சொன்னால் ஒவ்வோர் உயிரொலிக்கும் தாடை ஒரு முறை கையில் இடிக்கும். 'ஸ்ட்ரெய்ட்'டுக்கு ஒரு இடி, 'ஃபேமஸ்'ஸுக்கு இரண்டு. இங்கே தமிழர்களுக்கென்றே இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, 'ஸ்ட்ரெய்ட்டு' என்று நம் நாக்கு தானாகச் சேர்க்கும் கடைசி உகரம். அதைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும். மற்றது, யாப்பில் படித்த அசையோடு இதைக் குழப்பிக்கொள்வது. நிரையசை ஒன்றுக்குள் இரண்டு உயிரொலி இருக்கும், ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு அசை.

ஓரசைச் சொல்லுக்கு 'இ-ஆர்', மூன்றும் அதற்கு மேலும் என்றால் 'மோர்'. தகராறு ஈரசையில். 'ஹேப்பி', 'ஈசி' போல ஒய்-யில் முடிபவை 'இ-ஆர்' எடுக்கும். 'நேரோ', 'சிம்பிள்', 'கிளெவர்' போன்றவையும் பொதுவாக அப்படித்தான். 'ஃபுல்', 'லெஸ்', 'அஸ்', 'இங்' என்று ஈறு உள்ளவை எப்போதும் 'மோர்' பக்கம்: யூஸ்ஃபுல், கேர்லெஸ், ஃபேமஸ், போரிங். 'காமன்', 'பொலைட்' இரண்டு பக்கமும் போகும், அவற்றைத் தேர்வில் கேட்டுப் பிள்ளைகளை வதைக்கத் தேவையில்லை. 'டயர்ட்', 'ராங்', 'ஃபன்' ஆகியவை குட்டையாக இருந்தாலும் 'மோர்' கேட்கும். 'அன்ஹேப்பி' மூன்றசை என்றாலும் 'அன்ஹேப்பியர்' என்றே வரும், ஏனென்றால் அது 'ஹேப்பி'யின் பிள்ளை.

எழுத்துக்கூட்டலுக்கு அதிக நேரம் வேண்டாம். ஓரசைச் சொல்லின் கடைசியில் ஒற்றை உயிரெழுத்தும் ஒற்றை மெய்யெழுத்தும் இருந்தால் மெய் இரட்டிக்கும்: 'பிக்', 'ஹாட்', 'தின்'. 'சீப்' என்பதில் உயிரெழுத்து இரண்டு, 'ஃபாஸ்ட்' என்பதில் மெய்யெழுத்து இரண்டு, ஆகவே இரட்டிக்காது. டபிள்யூவில் முடியும் 'ஸ்லோ'வும் இரட்டிக்காது. உச்சரிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. 'லாங்', 'ஸ்ட்ராங்', 'யங்' என்று தனியாகச் சொல்லும்போது கடைசி ஜி ஒலிக்காது. 'லாங்கர்', 'ஸ்ட்ராங்கர்', 'யங்கர்' என்றதும் ஒலிக்கும். பாடகரைக் குறிக்கும் 'சிங்கர்' என்ற சொல்லிலோ பெரும்பாலான ஆங்கிலேயர் வாயில் அது ஒலிக்காது, நாம்தான் அழுத்துகிறோம்.

தேர்வுத்தாளுக்கு வருவோம். ஒரு வாக்கியத்தை மூன்று நிலையிலும் மாற்றி எழுதச் சொல்லும் கேள்வியில்தான் மதிப்பெண் அதிகம் போகிறது. 'ஜூபிட்டர் இஸ் தி பிக்கஸ்ட் பிளானெட்' என்பதைக் கம்பாரட்டிவில் எழுதினால் 'ஜூபிட்டர் இஸ் பிக்கர் தேன் எனி அதர் பிளானெட்'. இந்த 'அதர்' அலங்காரத்துக்கு வந்ததல்ல. வியாழனும் ஒரு கோள்தான், 'அதர்' இல்லாவிட்டால் அது தன்னை விடவும் பெரியது என்று ஆகிவிடும். சூரியனை வைத்துச் சொன்னால் 'தி சன் இஸ் பிக்கர் தேன் எனி பிளானெட்' என்று 'அதர்' இல்லாமல்தான் வர வேண்டும், ஏனென்றால் சூரியன் கோள் அல்ல. இந்த இரண்டு வாக்கியங்களையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் போட்டால் விதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. பாசிட்டிவில் 'நோ அதர் பிளானெட் இஸ் ஆஸ் பிக் ஆஸ் ஜூபிட்டர்'.

'ஒன் ஆஃப் தி' வந்தால் சங்கிலி மாறும். 'சாட்டர்ன் இஸ் ஒன் ஆஃப் தி பிக்கஸ்ட் பிளானெட்ஸ்' என்பதில் பெயர் பன்மை, வினை ஒருமை. 'சிறந்த மாணவர்களில் ஒருவர்' என்று தமிழில் பிழையில்லாமல் பன்மை போடுகிறவர்கள் ஆங்கிலத்தில் 'ஒன்' என்ற சொல்லைப் பார்த்ததும் 'ஸ்டூடன்ட்' என்று ஒருமைக்கு இறங்கிவிடுகிறார்கள். சனியின் வாக்கியம் கம்பாரட்டிவில் 'சாட்டர்ன் இஸ் பிக்கர் தேன் மோஸ்ட் அதர் பிளானெட்ஸ்', பாசிட்டிவில் 'வெரி ஃபியூ பிளானெட்ஸ் ஆர் ஆஸ் பிக் ஆஸ் சாட்டர்ன்'. இங்கே வினையும் பன்மை.

மாற்றி எழுதுவதில் ஒரு தவறு, விடை திருத்துகிறவர்கள் கண்ணுக்கே தப்பிவிடுகிறது. 'ஏ இஸ் நாட் லாங்கர் தேன் பி' என்பதற்கு 'பி இஸ் ஆஸ் லாங் ஆஸ் ஏ' என்று எழுதினால் சரி போடுகிறார்கள். ஏ என்ற பென்சில் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பி 10 ஆகவும் இருக்கலாம், 12 ஆகவும் இருக்கலாம். முதல் வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. இரண்டாவதைக் கேட்பவர் இரண்டும் சமம் என்றே எடுத்துக்கொள்வார். 'பி இஸ் அட் லீஸ்ட் ஆஸ் லாங் ஆஸ் ஏ' என்று 'அட் லீஸ்ட்' போட்டால்தான் கணக்கு நேராகும். 'குறைந்தது ஏ அளவாவது இருக்கும்' என்பதில் வரும் 'ஆவது'தான் இந்த 'அட் லீஸ்ட்'.

'யானையின் காது குதிரையை விடப் பெரியது' என்று தமிழில் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை, குதிரையின் காதைத்தான் சொல்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரியும். அதையே சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் காது ஒரு முழுக் குதிரையை விடப் பெரிதாகிவிடும். 'தேன் தோஸ் ஆஃப் எ ஹார்ஸ்' என்று காதுகளுக்குப் பதிலாக ஒரு 'தோஸ்' நிற்க வேண்டும். ஒருமை என்றால் 'தட் ஆஃப்'.

'இல்' செய்யும் குழப்பம் ஒன்று பாக்கி. 'வகுப்பில் உயரமானவன்', 'மூவரில் உயரமானவன்' இரண்டுக்கும் நமக்கு 'இல்' ஒன்றே. ஆங்கிலத்தில் இடமோ குழுவோ என்றால் 'இன் தி கிளாஸ்', எண்ணி வைத்த ஆட்கள் என்றால் 'ஆஃப் தி த்ரீ'. இரண்டே பேர் என்றால் சூப்பர்லேட்டிவ் வேண்டாம், 'தி டாலர் ஆஃப் தி டூ'. சூப்பர்லேட்டிவுக்கு முன்னால் 'தி' போடச் சொல்லும்போதே, 'மை பெஸ்ட் ஃபிரண்ட்' என்பதில் 'மை' வந்ததும் 'தி' போய்விடும் என்றும் சொல்லிவிட வேண்டும்.

தமிழ் எப்போதும் காலை வாருவதில்லை. 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்' நான்கும் லத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவங்கள், 'தேன்' ஏற்காமல் 'டூ' கேட்பவை. இதைத் தனி விதியாக உருப்போட வைக்கிறார்கள். 'அவர் எனக்கு சீனியர்' என்று நாள்தோறும் சொல்கிறோமே, அந்தக் 'கு'தான் 'டூ'. 'என்னை விட சீனியர்' என்று சொல்லிப் பழகியவர்தான் 'தேன்' போட்டு மாட்டிக்கொள்கிறார். 'படிக்கப் படிக்கப் புரியும்' என்ற அடுக்கும் அப்படியே கைகொடுக்கும்: 'தி மோர் யூ ரீட், தி பெட்டர் யூ அண்டர்ஸ்டாண்ட்'. நாம் இரண்டு முறை 'படிக்க' என்கிறோம், அவர்கள் இரண்டு முறை 'தி' போடுகிறார்கள். அதில் ஒன்றை விட்டாலும் வாக்கியம் நொண்டும்.

அட்டவணை அச்சிடும் இடத்தில் பத்துத் தமிழ் வாக்கியங்களை அச்சிடலாம். ஐந்தில் 'விட', மூன்றில் 'இலும்', இரண்டில் 'எனக்கு சீனியர்' வகை. மாணவர் முதலில் ஒப்பீட்டைச் சுமக்கும் உருபுக்கு அடிக்கோடு போடட்டும். பிறகு வரிசையைத் திருப்பட்டும், ஏனென்றால் 'அதை விட இது பெரியது' என்பதில் முதலில் வரும் 'அது', ஆங்கிலத்தில் கடைசிக்குப் போகிறது. அதன் பிறகு அசையை எண்ணி 'இ-ஆர்' அல்லது 'மோர்', கடைசியாக 'அதர்' தேவையா என்ற கேள்வி. அட்டவணையில் 'குட்', 'பேட்', 'ஃபார்', 'லிட்டில்', 'மச்', 'மெனி' போன்ற முரண்டு பிடிக்கும் சொற்கள் மட்டும் இருந்தால் போதும், அது ஆறேழு வரிக்கு மேல் போகாது.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்