பருவ நிறைவும் மகாலட்சுமி சுற்றுலாவும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. பேச்சுப் போட்டி, கபடி, ஓவியம் எல்லாவற்றிலும் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பின் திருப்புதல் தேர்விலும் முன்னேற்றம் தெரிகிறது. அனைவருக்கும் வாழ்த்துகள்.

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் போன சனிக்கிழமை மும்பையின் குதிரைப் பந்தயத் திடலான மகாலட்சுமி ரேஸ்கோர்ஸுக்கு அழைத்துப் போனோம். "பந்தயம் கட்டுகிற இடத்துக்கா?" என்று சிலர் முன்கூட்டியே கேட்டிருந்தீர்கள். நாங்கள் போனது பந்தய நாளில் இல்லை. குதிரைகளுக்குப் பயிற்சி நடக்கும் காலை வேளையில். மெல்போர்னின் கால்ஃபீல்டு மைதானத்தை மாதிரியாக வைத்து 1883-இல் அமைத்த திடல் அது. 1943-இல் தொடங்கிய இந்தியன் டெர்பி என்ற குதிரைப் பந்தயம் 2,400 மீட்டர் ஓட்டம் என்று ஆசிரியர் விளக்கிக்கொண்டிருக்க, பிள்ளைகளின் கண்ணெல்லாம் ஓடிவந்து மூச்சிரைத்து நின்ற குதிரை மேல்தான். குதிரையைப் பராமரிப்பவர் அதன் முதுகில் தண்ணீர் ஊற்றி வழித்துவிட, அது சுகமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

அடுத்து ஹாஜி அலி தர்கா. கடல் ஏறினால் அங்கே போகும் பாதையே மூழ்கிவிடும் என்பதால், கடல் ஏறி இறங்கும் நேரம் பார்த்துத்தான் பயணத் திட்டத்தையே போட்டோம். மகாலட்சுமி ஸ்டேஷன் பக்கத்துப் பாலத்திலிருந்து, துணி வெளுக்கும் இடமான தோபி காட்டைப் பார்த்துவிட்டு நேரு அறிவியல் மையம் போனால், அங்கிருந்து பிள்ளைகளைக் கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது. அப்படியும் சொன்னபடி மாலை 5 மணிக்குப் பேருந்து பள்ளி வாசலுக்கு வந்துவிட்டது.

கடைசிப் பிள்ளை வீட்டுக்குக் கிளம்பியபோது மணி 7.15.

உங்கள் சிரமம் தெரியாமல் எழுதவில்லை. பலருக்கு ஷிப்ட் வேலை. லோக்கல் ரயில் நம் கையில் இல்லை, சயான் பக்கத்து நெரிசலும் அப்படித்தான். தாமதமாகும் என்று 4 மணிக்கே தகவல் சொன்ன பெற்றோர் மீது எந்த வருத்தமும் இல்லை. ஆனால் ஒருவர் 5.20-க்கும் "தாதர் தாண்டிட்டேன் டீச்சர்" என்றார், 6.20-க்கும் அதையே சொன்னார். தாதர் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. காத்திருந்த ஆசிரியைகளில் ஒருவர் அம்பர்நாத் போக வேண்டியவர், வீட்டில் கைக்குழந்தை.

அதைவிடக் கவலையான ஒன்றும் நடந்தது. பிள்ளைக்கே அடையாளம் தெரியாத ஒருவரை, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், அழைத்துவர அனுப்பியிருந்தார்கள். நாங்கள் பிள்ளையை அனுப்பவில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டாலும் சரி, இனியும் அனுப்ப மாட்டோம். அழைத்துப் போகிறவரின் பெயரும் போன் நம்பரும் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். வகுப்பு நாளானாலும் சுற்றுலாவானாலும், குறித்த நேரத்துக்கு மேல் அரை மணிக்குள் வர வேண்டும். திரும்பத் திரும்பத் தாமதமானால் பெற்றோரை நேரில் அழைத்துப் பேசுவேன். வாட்ஸ்அப்பில் வரும் "சாரி டீச்சர்" இனிப் போதாது.

இவ்வளவு சொன்னாலும், பெரும்பாலானோர் 5 மணிக்கு முன்பே வாசலில் நின்றீர்கள். அதில் ஓர் அம்மா, வீட்டுக்குப் போகாமல் கடைசிவரை ஆசிரியைகளுக்குத் துணையாக இருந்து, காத்திருந்த பிள்ளைகளுக்கெல்லாம் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். அவருக்கும், பேருந்தில் உதவிக்கு வந்த பெற்றோருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

இத்துடன் உள்ள படிவத்தில், பிள்ளையை அழைத்துச் செல்ல வரக்கூடிய இருவரின் விவரங்களை எழுதிக் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்