வலையமைப்பின் வடிவமும் சட்டத்தின் காவலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையச் சேவைகளின் வளர்ச்சி பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, பெருமை முழுவதையும் தொழில்முனைவோரின் துணிச்சலுக்கே கொடுத்துவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்காமல் அவர்கள் புதியன செய்ய இடம் தந்த வலையமைப்பின் வடிவத்தையும், அதைக் காத்த சட்டத்தையும் அது தொடவே இல்லை.

சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய கணினி அறிவியலாளர் மூவரும் 1981இல் முன்வைத்த ஆய்வுரை, ஒரு பயன்பாட்டுக்கே உரிய வேலைகளை வலையமைப்பின் நடுவில் ஏற்றாமல், பெரும்பாலும் இரு முனைகளிலும் உள்ள கணினிகளிடமே விட்டுவிடுவது நல்லது என்று வாதிட்டது. நடுவில் உள்ள கருவி முகவரியைப் பார்த்துத் தரவுப் பொட்டலத்தை, அதாவது தகவலின் சிறு துண்டை, அனுப்புவதோடு நின்றுகொள்ளும். உள்ளே இருப்பது கடிதமா, குரலா, படமா என்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையை உருவாக்கியபோது எந்தத் தொலைபேசி நிறுவனத்தின் ஒப்புதலும் தேவைப்படாததற்குக் காரணம் இதுவே. அந்த மென்பொருளை 1993 ஏப்ரலில் அவர் பணியாற்றிய செர்ன் ஆய்வகம் யாரும் பயன்படுத்தும்படி பொதுவுடைமையாக்கியதோ சட்ட வகையிலான முடிவு.

ஆனால் வடிவம் தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை. தொலைபேசியின் வாய்ப்பகுதியில் பொருத்தி, பேச்சு பிறர் காதில் விழாமல் மறைக்கும் ஹஷ்-எ-ஃபோன் என்ற சிறு கிண்ணத்தைக்கூட அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் தடுத்தது. தகவல்தொடர்புத் துறையைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசின் ஒழுங்குமுறை ஆணையமும் (எஃப்சிசி) அந்நிறுவனத்துக்கே துணைநின்றது என்பதுதான் வேடிக்கை. 1956இல் நீதிமன்றம் தலையிட்டு அத்தடையை நீக்க வேண்டியிருந்தது. பிறகு 1968இல், வானொலித் தொடர்பைத் தொலைபேசியோடு இணைக்கும் கார்ட்டர்ஃபோன் என்ற கருவி பற்றிய வழக்கில், வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத பிறர் கருவிகளையும் இணைக்கலாம் என்று அதே ஆணையம் முடிவுசெய்தது. கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடம் கருவிகளில் பிற நிறுவனங்களுடையவை பொதுத் தொலைபேசிக் கம்பியில் இணைய வழிவகுத்தது அம்முடிவு.

இன்றோ பொட்டலத்தை ஆராய்ந்து வகை பிரிக்கும் கருவிகள் வந்துவிட்டதால், வேண்டிய சேவையை முந்தவிட்டுப் போட்டியாளரைத் தாமதப்படுத்துவது வலையமைப்பின் உரிமையாளருக்கு எளிது. இதைத் தடுக்க அந்த ஆணையம் 2015இல் கொண்டுவந்த இணையச் சமநிலை விதிகள் 2017இல் நீக்கப்பட்டன. 2024இல் மீண்டும் இயற்றப்பட்டவை 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வீழ்ந்தன. இந்த ஊசலாட்டத்தைப் பெரிய நிறுவனம் வழக்கறிஞர்களைக் கொண்டு தாங்கிக்கொள்ளும். முதல் நூறு பயனர்களையே இன்னும் தேடிக்கொண்டிருப்பவர், இணைப்பு நிறுவனத்தோடு முன்கூட்டியே பேரம் பேசியாக வேண்டும் என்றால் தொடங்கவே மாட்டார்.

நெரிசலைச் சமாளிக்கவும் தாக்குதல்களைத் தடுக்கவும் உரிமையாளருக்கு அதிகாரம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. யார் பணம் கொடுத்தார் என்பதை வைத்து வரிசையை மாற்றுவதைத்தான் சட்டம் தடுக்க வேண்டும். அதுவும், ஆணையத்தில் பெரும்பான்மை மாறும்போதெல்லாம் மாறும் விதியாக இல்லாமல், நாடாளுமன்றமே இயற்றிய சட்டமாக இருக்க வேண்டும். கட்டுரையாளர் இது பற்றியும் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்