மதுரை மாவட்டப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, வணக்கம்.

பி.டி. பீரியடில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை சட்டென்று நின்று, உடம்பெல்லாம் அரிக்கிறது, குத்துகிறது என்றால் ஓடப் பயந்து சொல்லும் சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்தையும் கைகளையும் பாருங்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் சின்னச் சின்னத் தடிப்புகள், ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு. உடல் சூடேறி வியர்க்கத் தொடங்கும்போது வரும் காணாக்கடி (அர்டிகேரியா என்னும் தோல் தடிப்பு) இது. பெரும்பாலும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் சுவடில்லாமல் அடங்கிவிடும். சாயங்காலம் டாக்டரிடம் போகும்போது காட்ட ஒன்றும் இருக்காது. தடிப்பு இருக்கும்போதே போனில் படம் எடுத்து, நேரத்தையும் அப்போது பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் பெற்றோருக்கு அனுப்புங்கள். பல ரத்தப் பரிசோதனைகளைவிட அந்தப் படம் தோல் மருத்துவர்களான எங்களுக்கு உதவும்.

இது ஒட்டாது. பூரான் கடியும் இல்லை. தனியாக உட்கார வைக்க வேண்டியதில்லை.

காணாக்கடியைத் தூண்டுவது பிள்ளைக்குப் பிள்ளை வேறு. சிலருக்கு ஸ்கேல் முனை உரசினாலே 5, 10 நிமிடத்தில் அந்தக் கோடு அப்படியே புடைத்து எழும். பார்த்தால் பிரம்படி போலிருக்கும். சிலருக்குப் புத்தகப் பையின் வார் அழுத்திய தோள் 4 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் வீங்கும், வலிக்கவும் செய்யும். காலையில் சுமந்ததற்கு மாலையில் வீக்கம் என்பதால் பையை யாரும் சந்தேகிப்பதில்லை. அகலமான வார் உள்ள பையை இரு தோளிலும் மாட்டச் சொல்லுங்கள்.

நாங்கள் அதிகம் அஞ்சுவது குளிரால் வருவதற்குத்தான். ஜிகர்தண்டா குடித்தால் உதடு தடிக்கிறது, ஐஸ் பிடித்த கை வீங்குகிறது என்று சொல்லும் பிள்ளையை, தோல் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை கிணற்றிலோ நீச்சல் குளத்திலோ இறக்கவே கூடாது. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் குளிர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் இதே ஆபத்துதான். உறுதிசெய்ய முன்கையில் 5 நிமிடம் பனிக்கட்டி வைத்து, எடுத்த பின் 10 நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். அதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும்; அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்பலாம்.

மைதானத்தில் தடிப்பு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நிழலில் உட்கார வையுங்கள். சூட்டால் வந்தது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம். தெரியாவிட்டால் தண்ணீரை ஊற்றாதீர்கள். குளிர் ஒத்துக்கொள்ளாத பிள்ளையாக இருந்தால் அதுவே கூட்டிவிடும். கையில் இருக்கிறதென்று அவில் (அரிப்புக்குப் போடும் மாத்திரை) கொடுக்க வேண்டாம், பிள்ளை வகுப்பில் தூங்கி விழும். தூக்கம் குறைவாகத் தரும் மாத்திரைகளை டாக்டர் எழுதித் தருவார். அடிக்கடி வருகிறவர்கள் அவற்றைத் தினமும் போட்டால்தான் பலன்.

மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, நாக்கு வீங்கினாலோ, தலை சுற்றினாலோ உடனே 108. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். அப்போது உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்: "வியர்த்தாலோ குளிர்ந்தாலோ உடம்பில் தடிப்பு வருமா?" ஆம் என்று எழுதிய பிள்ளையை மருத்துவர் சீட்டு இல்லாமல் நீச்சலுக்குச் சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
மதுரை வட்டாரத் தோல் மருத்துவர்கள் சிலர்