யன்னல் திறந்து தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

கல்லடியில் நடக்கும் எங்கள் சனிக்கிழமை வகுப்பில், பிள்ளைகள் தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் சின்ன மொழி ஒன்று ஓடிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். இவ்வளவு காலமும் அது கறுப்புத் திரையில் எழுத்தை மட்டுமே காட்டியது. இப்போது அதே மொழியில் யன்னல் திறக்கலாம், பொத்தான் வைக்கலாம், பட்டியல் போடலாம். யன்னலும் பொத்தானும் வரையும் ஜிடிகே 4க்கான பைண்டிங், அதாவது சி மொழியில் எழுதப்பட்ட அந்தக் கருவித்தொகுப்பை எங்கள் மொழியிலிருந்து கூப்பிட வைக்கும் இடைப்பகுதி, பாவிக்கக்கூடிய நிலைக்கு வந்துவிட்டது. வேலைக்கு முன்னால் ஒட்டியிருப்பது என் பெயர். செய்தவர்கள் பலர். பெயர் போடவேண்டாம் என்று அநேகமானோர் சொல்லிவிட்டதால் ஊரையும் முறையையும் மட்டும் சொல்கிறேன். எங்கட பக்கத்தில் அது போதும், ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

முதல் நன்றி மட்டக்களப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்களுக்கு. ஜிம்ப் என்ற பட மென்பொருளுக்காக 1990களில் பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் தொடங்கிய வேலையிலிருந்து பிறந்தது ஜிடிகே. இன்று அதற்குள் ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்கள், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் கையால் இடைப்பகுதி எழுதப் புறப்பட்டால் ஆயுள் போதாது. அந்தப் பாட்டிலிருந்து எங்களைக் காப்பாற்றியது ஜிஓப்ஜெக்ட் இன்ட்ரோஸ்பெக்ஷன். ஃபங்ஷனுக்கு மேலே எழுதியிருக்கும் குறிப்புகளை ஒரு கருவி வாசித்து எக்ஸ்எம்எல் கோப்பாக்கி வைக்கும். அதைச் சுருக்கிய டைப்லிப் கோப்பை எங்கள் மொழி ஓடும்போதே திறந்து, எந்த ஃபங்ஷனுக்கு என்ன கொடுக்கவேண்டும், என்ன திரும்பி வரும் என்று பார்த்துக்கொள்ளும்.

குறிப்பு எழுதுவது யாரும் மெச்சாத வேலை. அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். எழுதும் பெட்டியில் உள்ளதை எடுக்க இரண்டு ஃபங்ஷன் உண்டு. ஒன்று 'கெட் டெக்ஸ்ட்', மற்றது 'கெட் சார்ஸ்'. இரண்டும் எழுத்துச்சரம்தான் தரும். முதலாவது தருவது கல்யாண வீட்டுக்கு இரவல் எடுத்த கிடாரம். அது பெட்டியின் சொத்து, நாங்கள் கை வைக்கக்கூடாது. இரண்டாவது எங்களுக்கே தந்துவிட்டது. வேலை முடிந்ததும் நாங்கள்தான் நினைவகத்தை விடுவிக்கவேண்டும். இரவலை விடுவித்தால் நிரல் அந்த இடத்திலேயே சாகும். தந்ததை விடுவிக்காவிட்டால் நினைவகம் சொட்டுச் சொட்டாய் ஒழுகும். எது எந்த வகை என்பதை 'ட்ரான்ஸ்ஃபர் நன்', 'ட்ரான்ஸ்ஃபர் ஃபுல்' என்று ஒருவர் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார். இப்படி ஃபங்ஷன் ஃபங்ஷனாக எழுதிய அத்தனை பேருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உள்ளூருக்கு வருகிறேன். சாய்ந்தமருதுத் தங்கச்சி, நீங்கள் இல்லாவிட்டால் இந்தப் பைண்டிங் வெறும் காட்சிப் பொருளாய் நின்றிருக்கும். வாப்பாவின் அரிசிக் கடைக்குக் கடன் கொப்பி ஒன்று செய்கிறேன் என்று வந்தீர்கள். பெயர் எழுத ஒரு பெட்டி, 'சேர்' என்று ஒரு பொத்தான், கீழே பட்டியல், அவ்வளவுதான். வகுப்பில் ஒழுங்காக ஓடும், கடையில் செத்துப்போகும். மற்றவர்கள் என்றால் "சேர், இது சரிவருதில்ல" என்று விட்டிருப்பார்கள். நீங்கள் ஒரு கிழமை உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சும்மா அமத்தினா ஒண்டும் இல்ல சேர். பேர் கனக்கச் சேர்த்தாப் பிறகுதான் சாகுது."

அந்த ஒரு வசனத்தில் விடை முழுக்க இருந்தது. பொத்தானை அமத்தினால் எதை ஓட்டவேண்டும் என்று எங்கள் மொழியின் ஃபங்ஷன் ஒன்றை ஜிடிகேயிடம் ஒப்படைக்கிறோம். ஒப்படைத்த பிறகு எங்கள் பக்கத்தில் அதை யாரும் பிடித்திருக்கவில்லை. பெயர்கள் சேரச் சேர நினைவகம் நிரம்பும். பாவிக்காத நினைவகத்தைக் கூட்டி அள்ளும் கார்பேஜ் கலெக்டர் எழும்பும். யாருக்கும் வேண்டாத சாமான் என்று அந்த ஃபங்ஷனை அள்ளிவிடும். ஜிடிகேயோ பழைய முகவரியை வைத்துக்கொண்டு இருக்கும். அடுத்த அமத்தலில் கதை முடிந்தது.

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பிமார் இரண்டு பேர் ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியை வைத்து இதைத் தோண்டி எடுத்தார்கள். ஒப்படைத்த ஃபங்ஷன்களையெல்லாம் ஒரு பட்டியலில் பிடித்து வைத்ததும் சாவது நின்றது. ஆனால் தம்பிமாருக்கு அது திருப்தியில்லை. மூடிய யன்னல்கள் நினைவகத்தை விட்டுப் போகவேயில்லை என்று காட்டினார்கள். ஃபங்ஷன் பொத்தானைப் பிடித்திருக்கிறது, பட்டியல் ஃபங்ஷனைப் பிடித்திருக்கிறது, எதுவும் கழலாது. மறுகா எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டி, ஃபங்ஷனைப் பொதுப் பட்டியலில் வைக்காமல் அந்தந்தப் பொத்தானோடேயே கட்டினார்கள். சி பக்கத்தில் வேறு யாரும் பொத்தானைப் பிடித்திருக்கிறார்களா என்று அறிய, ஜிடிகேயின் அடித்தளமான ஜிஓப்ஜெக்டில் டொகிள் ரெஃபரன்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, அதையும் பூட்டினார்கள். இப்போது யன்னலை மூடினால் எல்லாம் சேர்ந்து போகிறது. பரீட்சை நேரத்தில் செய்த வேலை இது. அம்மாமார் என்னை மன்னிக்கவேண்டும்.

பைதன் மொழிக்கு ஏற்கெனவே பைஜிஓப்ஜெக்ட் என்று ஒரு பைண்டிங் இருக்கே, பிறகேன் இந்தக் கஷ்டம் என்று கேட்டவர்களுக்கும் நன்றி, உண்மையாகவே. பல தடவை நாங்கள் திறந்து பார்த்தது பைஜிஓப்ஜெக்டின் மூலநிரலைத்தான். பெரிய பிள்ளைகள் பைதனுக்குப் போகட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் யன்னல் தமிழிலேயே திறக்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

களுவாஞ்சிகுடி அக்கா தட்டச்சு வேகத்துக்குப் பேர்போனவர். எழுதும் பெட்டியில் சொல்லுக்கு நடுவே ஓர் எழுத்தைச் செருகினால் அது வேறெங்கோ போய் விழுகிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். மட்டக்களப்பு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மொழி பிள்ளைகள் எண்ணுவதுபோல எண்ணும்: 8 எழுத்து. ஜிடிகேயின் எழுதும் பெட்டி யுனிகோட் குறியீடுகளை எண்ணும்: புள்ளியும் உகரமும் தனித்தனி, ஆக 12. எழுத்தைத் திரையில் அடுக்கும் 'பாங்கோ' என்ற பகுதி பைட்டுகளை எண்ணும்: குறியீட்டுக்கு 3 பைட், ஆக 36. இந்த மூன்று கணக்கையும் ஒன்றுக்கொன்று மாற்றும் பகுதியை எழுதும்போது, அக்கா ஊர்ப் பெயர்களாய் ஒரு நீளப் பட்டியல் அனுப்பினார். ஒவ்வொரு பெயரிலும் ஒவ்வொரு இடத்திலும் எழுத்தைச் செருகியும் அழித்தும் பார்த்த பட்டியல் அது. இன்றைக்கும் அதுதான் எங்கள் சோதனைக் கோப்பு. கொம்பும் காலும் உரிய இடத்தில் வந்து உட்காருவதற்கு மட்டும் நாங்கள் ஒன்றும் செய்யத் தேவைப்படவில்லை. அது எழுத்துகளை உருவமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருளை எழுதியவர்களின் புண்ணியம்.

இனிச் சாமான் சட்டு. காத்தான்குடி நானா, கடையில் மூலையில் கிடந்த பழைய மெஷின்களைத் தூசு தட்டி, ராம் போட்டு, "பிள்ளையளுக்குத்தானே, வாடகை என்ன வாடகை" என்று ஏற்றிவிட்டார். 2022இல் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை நின்ற அந்த மாதங்களில், ஆரையம்பதி மாமி வீட்டு சோலாரும் பேட்டரியும்தான் கம்பைல் செய்து தந்தன. ஃபேனை நிறுத்திவிட்டு எங்களுக்குக் கரண்ட் தந்த வீடு அது. மாமியின் பிட்டையும் எருமைத் தயிரையும் பற்றி எழுதினால் மடல் நீளும்.

மிச்ச வேலை கிடக்கிறது. நிரல் நடுவில் நீண்ட வேலை ஓடும்போது யன்னல் உறைந்து நிற்பதை இன்னும் முழுதாய்த் தீர்க்கவில்லை. ஒரே நிரலுக்குள் பக்கத்துக்குப் பக்கம் ஓடும் வேலை இழைகளைத் திரெட்டுகள் என்பார்கள்; ஜிடிகேயை முதன்மைத் திரெட்டிலிருந்து மட்டுமே தொடலாம், ஆகவே மற்றத் திரெட்டுகள் செய்தி அனுப்பிவைக்கும் வழியைத் தம்பிமார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நிரை நிரலாய்க் காட்டும் அட்டவணையும் அச்செடுப்பதும் பாக்கி. கடன் கொப்பியை அச்செடுக்கவேண்டும் என்று வாப்பா கேட்கிறாராம், ஆகவே அச்செடுப்பதுதான் முதலில்.

நானா, மெஷின்களைத் திருப்பி எடுக்க எப்போது வரலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றைத் தரலாம். மற்றதில் அச்செடுக்கும் வேலை ஓடுகிறது, கொஞ்சம் பொறுங்கள்.

நன்றியுடன்,
சனிக்கிழமை வகுப்புச் சேர்,
கல்லடி, மட்டக்களப்பு