சம்மனில் ஒரு பத்தி சேருங்கள்

கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் புதுச்சேரி சட்டப்பணிகள் ஆணையத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், தட்டச்சுக் கடை வைத்திருக்கும் ஒருவன் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் போக்குவரத்து வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் என் மேசையில்தான் வந்து நிற்கிறார்கள். "அண்ணே, இதை எங்கே கட்டுவது?" என்று ஒரு சீட்டை நீட்டுகிறார்கள். போலீசார் கையடக்கக் கருவியில் அடித்துக் கொடுத்த செலான் அது. சட்டைப் பையில் வியர்வையில் ஊறி, டேங்க் கவரில் வெயிலில் வெந்து, எழுத்தெல்லாம் வெளிறிப் போயிருக்கும். இயந்திரத்தில் எவ்வளவு கருமை கூட்டினாலும் வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் தேறினால் பெரிய விஷயம். சீட்டு கைக்கு வந்ததுமே செலான் எண்ணைப் பேனாவால் வேறொரு தாளில் எழுதி வையுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சீட்டு மங்குவது சின்னச் சங்கடம். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. உங்களிடம் வருவது அதற்காகத்தான்.

செலான் என்பது தீர்ப்பு அல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 200ஆம் பிரிவின்படி, அரசு அறிவித்த தொகையைக் கட்டி விஷயத்தை அங்கேயே இணக்கமாக முடித்துக்கொள்ளலாம். கட்டாவிட்டால், அல்லது "நான் தப்பு செய்யவில்லை" என்று சொன்னால், வழக்கு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் போகக்கூடும். அப்போது எஸ்.டி.சி. (சுருக்க விசாரணை வழக்கு) என்று ஒரு எண் விழும், சம்மன் வரும். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு என்றால் கோர்ட்டுக்குப் போயே தீரவேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் சம்மன் கையில் வந்ததும் ஜெயிலுக்குப் போவது போல முகம் வெளுத்து நிற்கிறார்கள்.

இங்கேதான் 208ஆம் பிரிவு வருகிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. புதிதாக யாரும் கொண்டுவர வேண்டியதில்லை. மத்திய அரசு விதிவிலக்காக வைத்த குற்றங்கள் நீங்கலாக, சிறைத் தண்டனை இல்லாத குற்றம் என்றால், சம்மனிலேயே இரண்டு வழிகளை எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஒன்று, நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராகலாம். மற்றொன்று, குறிப்பிட்ட தேதிக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்றம் சொல்லும் தொகையை மணியார்டரில் அனுப்பிவிடலாம். ஒப்புதலை மணியார்டர் கூப்பனிலேயே எழுதிவிடலாம். சிறைத் தண்டனைக்கு இடமுள்ள குற்றமாக இருந்தால் இப்படி எழுதிக் கொடுப்பது நீதிமன்றத்தின் விருப்பம். மற்றவற்றில் கட்டாயம். ஓட்டுநர் உரிமத்தில் பதிவு செய்ய வேண்டிய குற்றமாக இருந்தால் உரிமத்தையும் கடிதத்தோடு அனுப்ப வேண்டும். இப்படி முடித்துக்கொண்டவர் மீது அதே குற்றத்துக்கு மேல்நடவடிக்கை கிடையாது; குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பதற்காக உரிமத்தைத் தகுதி நீக்கமும் செய்யக்கூடாது. கடைசி வரியை என் கடையில் படித்துக் காட்டினால் நம்ப மறுக்கிறார்கள்.

என் மேசைக்கு வரும் சம்மன்கள் பலவற்றில் இந்தப் பத்தியைக் காணோம். எந்த நீதிமன்றம் என்று நான் சொல்லப்போவதில்லை. குறை சொல்ல எழுதவில்லை.

இந்தப் பத்தி இல்லாததால் அதிகம் அல்லாடுவது எல்லை தாண்டுகிற நம் ஊர்க்காரர்கள். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரிலிருந்து கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரிக் கடைகளுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஆல்பேட்டையில் ஒரு சோதனை, அந்தப் பக்கம் முள்ளோடையில் ஒரு சோதனை. ஒரே சாலை, ஒரே உயர் நீதிமன்றம், ஆனால் வழக்கு விழுவது வேறு வேறு நீதிமன்றங்களில். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் கொத்தனாருக்குப் புதுச்சேரியில் ஹெல்மெட் வழக்கு என்றால், கடலூர் சாலையில் இருக்கிற நீதிமன்ற வளாகத்தைத் தேடிப் போய் நிற்க அன்றைய கூலி போகிறது. அன்றைக்கு நீதிபதி விடுப்பு என்றால் இன்னொரு வாய்தா, இன்னொரு கூலி. அபராதம் 1,000 ரூபாய்தான். அலைச்சல் அதைத் தாண்டிவிடுகிறது. அவருக்கு அந்த மணியார்டர் வழி தெரிந்திருந்தால்?

இந்தக் காலத்தில் மணியார்டரா என்று சிரிக்கலாம். தமிழ்நாட்டில் மெய்நிகர் நீதிமன்றம் வந்துவிட்டது. அந்த இணையதளத்தில் அபராதத்தைக் கட்டி முடித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வழக்கை எதிர்க்கிறேன் என்று சொல்லி வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் செல்போனில் வரும் ஒரு குறுஞ்செய்தியை நம்பித்தான் அது நடக்கிறது. செலான் என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பை (செல்போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி வங்கிக் கணக்கைக் காலி செய்யும் கும்பல்களும் அதே செல்போனில்தான் வருகின்றன. எது உண்மை, எது மோசடி என்று என்னிடம் கேட்கிறார்கள். எந்தக் கோப்பையும் திறக்காதே, மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீயே பார் என்கிறேன். முத்திரையோடு ஒரு தாள் கைக்கு வந்தால் அதில் இருக்கும் நம்பிக்கை வேறு.

"கோர்ட்டுக்குப் போனால் குறைத்துவிடுவார்கள்" என்று ஒரு பேச்சு ஊரில் ஓடுகிறது. எல்லாக் குற்றத்துக்கும் அது பொருந்தாது. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் 194டி பிரிவில் 1,000 ரூபாய் என்று சட்டமே தொகையை நிர்ணயித்துவிட்டது. தனித் தண்டனை சொல்லாத மீறல்களுக்கான 177ஆம் பிரிவில் முதல் முறைக்கு 500 ரூபாய் வரை என்று இடம் விட்டிருக்கிறது. லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நாளில் சமரசமாக முடித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது என்பதும் உண்மை. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்லி ஆட்களைச் சேர்க்கும் இடைத்தரகர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

எதிர்த்து நிற்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது, ஆனால் அன்றைக்குக் கையில் தாளும் இல்லை, செல்போனில் சார்ஜும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதி 139 இவருக்கு 15 நாள் தருகிறது: சான்றொப்பமிட்ட நகலை நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்க்கலாம். இல்லாத ஆவணம் வேறு, கையில் இல்லாத ஆவணம் வேறு. இது தெரியாமல் 2,000 ரூபாய் கட்டிவிட்டு வந்து பாலிசி நகலை என்னிடம் காட்டுகிறவர்களை என்ன சொல்வது! இன்னொரு வகை, வண்டியை விற்றுவிட்டவர்கள். டி.என். 31 என்ற கடலூர்ப் பதிவு வண்டியைப் புதுச்சேரிக்காரருக்கு விற்றால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, பெயர் மாற்றி முடிக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட படிவங்களைக் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பிறகு யாரோ மீறிய சிக்னலுக்குச் செலான் பழைய உரிமையாளரின் பெயருக்கு வருகிறது. கோர்ட்டில் இவர்கள் காட்ட வேண்டியது விற்பனை ஒப்பந்தமும் பணம் கைமாறிய வங்கிப் பதிவும். கேமரா வழக்கு என்றால் படத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். படத்தில் இருப்பது ஸ்கூட்டர், தன்னுடையது மோட்டார் சைக்கிள் என்று தெரிந்தால் வழக்கு அங்கேயே ஆட்டம் கண்டுவிடும்.

இவர்களில் பலருக்கு உங்களிடமே வக்கீல் இலவசம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் உதவ வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணி ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு. மீன் கூடையோடு ஸ்கூட்டரில் போகும் பெண்ணுக்கு இது பொருந்தும் என்று அவருக்குத் தெரியாது.

சம்மன் அச்சடிப்பது உங்கள் வேலை இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தலைவர் மாவட்ட நீதிபதிதானே. ஒரு படிவத்தைத் திருத்த இதைவிடப் பக்கத்தில் இருப்பவர் யார்? வேலையை மிச்சப்படுத்த அந்தப் பத்தியை நானே தட்டச்சு செய்து பார்த்தேன்:

"நீங்கள் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ ஆஜராகலாம். குற்றத்தை ஒப்புக்கொள்வதானால், கீழே உள்ள தேதிக்குள் கீழே உள்ள தொகையை மணியார்டரில் அனுப்பி, கூப்பனில் ஒப்புதலை எழுதலாம், வர வேண்டியதில்லை. உரிமம் கேட்கப்பட்டிருந்தால் அதையும் அனுப்பவும். குற்றம் செய்யவில்லை என்றால் ஆவணங்களுடன் வரவும். இலவச வழக்கறிஞர் வேண்டுமா? 15100 என்ற எண்ணில் கேளுங்கள்."

கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில் எழுத்து இருக்கட்டும். படிவத்தில் இடம் இல்லை என்பார்கள். என் கடைக்கு வரும் சம்மன்களின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடைக்காரன்