எப்போது விற்பது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

உங்கள் வணிகப் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிறவன் நான். எந்தப் பங்கை வாங்கலாம், எந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டு என்று கிழமைக்குக் கிழமை எழுதுகிறீர்கள். வாங்கியதை எப்போது விற்பது என்று ஒருவரும் எழுதக் காணோம். நான் பட்ட சிரமம் முழுக்க அந்த இடத்தில்தான்.

2021இன் பிற்பகுதியில் கொழும்புப் பங்குச் சந்தை பித்துப் பிடித்ததுபோல ஏறிக்கொண்டிருந்தது. என் பணிக்கொடையில் ஒரு பகுதியை எடுத்து, கணினித் துறையோடு தொடர்புள்ள ஒரு நிறுவனத்தின் பங்கில் போட்டேன். பெயர் வேண்டாம், அவர்கள் என்னை வாங்கச் சொல்லவில்லை. அதன் இலாபம் என்ன, கடன் என்ன என்று நான் பார்க்கவும் இல்லை. ‘இனி எல்லாமே டிஜிட்டல்தான்’ என்று யாரோ சொன்னது போதுமாக இருந்தது. 30 ரூபாவுக்கு வாங்கியது 58க்குப் போனது. 60 வந்ததும் விற்கலாம் என்று காத்திருந்தேன். ஏன் 60? முழு எண், பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

2022 ஜனவரியில், கொழும்புச் சந்தையின் பங்குகள் எல்லாவற்றினதும் விலைப் போக்கைக் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டியது. அப்புறம் வந்த பொருளாதார நெருக்கடி எல்லாருக்கும் தெரியும். டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியது. சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு, ஏப்ரல் 18 முதல் ஐந்து நாள் சந்தையையே மூடிவிட்டார்கள். வருட முடிவில் சுட்டெண் 8,500க்கும் கீழே நின்றது. என் பங்கு 11 ரூபா.

இறங்கிய காலம் முழுவதும் நான் சும்மா இருக்கவில்லை. ‘30க்கு வந்தால் விற்றுவிடுவேன்’ என்று ஒவ்வொரு நாளும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குச் சதவீதக் கணக்குப் படிப்பித்தவன் நான். 11 திரும்பவும் 30 ஆவதற்கு 170 வீதத்துக்கு மேல் ஏற வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? நான் 30க்கு வாங்கினேன் என்பது எனக்கும் தரகருக்கும்தான் தெரியும். சந்தைக்கு அதில் என்ன அக்கறை? ஏறியதைச் சீக்கிரம் விற்று, இறங்கியதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் இந்தக் குணத்தைப் பற்றி ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரண்டு அறிஞர்கள் 1985இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்கள். காசு போன பிறகுதான் அது என் கண்ணில் பட்டது.

எங்கள் திருகோணமலை மீன் சந்தையில் ஒருவரும் இந்தப் பிழையை விடமாட்டார்கள். காலையில் பாரைக்கு ஒரு விலை, வெயில் ஏறினால் வேறு விலை. டீசலுக்கும் ஐஸுக்கும் இவ்வளவு போனது, அது வந்தால்தான் தருவேன் என்று பத்து மணிக்கு மேல் அடம்பிடிக்கிற வியாபாரியை நான் கண்டதில்லை. மீன் நாறிவிடும். பங்கு பெட்டிக்குள் கிடந்து நாறுவதில்லை, அதனால் நமக்கும் விளங்குவதில்லை.

குறிப்பிட்ட விலைக்கு இறங்கினால் தானாகவே விற்கச் சொல்லி வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். தினமும் கோடிக்கணக்கில் கைமாறும் அமெரிக்கப் பங்குக்கு அது ஓரளவு சரிவரும். நம்மூர்ச் சிறு பங்குகளுக்கு வாங்க ஆள் வேண்டுமே! திரையில் 14 ரூபா என்று இருக்கும், அந்த விலைக்கு 200 பங்குக்குத்தான் ஆள் இருப்பான். நம்மிடம் இருப்பதோ ஐயாயிரம்.

இப்போது இதை எழுதக் காரணம் ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையின் மகன். செயற்கை நுண்ணறிவுக்கான சிப் செய்யும் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பங்கு அவனுக்கு மூன்று மடங்காகியிருக்கிறது. “மாமா, விற்கவா, வைக்கவா?” என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே, “2001இல் அமேசனை விற்றவன் இன்றைக்கு அழுகிறான்” என்றான். உண்மைதான். 1999 கடைசியில் இருந்த விலையில் 90 வீதத்துக்கு மேல் இழந்துதான் அமேசன் பிறகு எழும்பியது. ஆனால் அதே காலத்தில் செல்லப்பிராணிப் பொருட்களை இணையத்தில் விற்ற பெட்ஸ் டொட் கொம் 2000 பெப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்து நவம்பரில் கடையை மூடியது. அதை வைத்திருந்தவன் கதையை யார் சொல்கிறார்கள்? இணைய வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ இன்னொரு விதம். நிறுவனம் நன்றாகத்தான் நடந்தது, இலாபமும் வந்தது. ஆனால் 2000 மார்ச் உச்சத்தில் வாங்கியவன் போட்ட விலையைத் திரும்பப் பார்க்கக் கால் நூற்றாண்டு காத்திருந்தான்.

மருமகனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “தம்பி, இந்தப் பங்கு இல்லாமல் அவ்வளவு காசும் இன்றைக்குக் கையில் இருந்தால், இன்றைய விலைக்கு இதையே வாங்குவாயா?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, அவ்வளவுக்கும் வாங்கமாட்டேன் என்றான். சரி, அப்படியானால் ஏன் வாங்கினாய் என்று ஒரு கொப்பியில் எழுது, எது நடந்தால் அந்தக் காரணம் பொய்யாகும் என்றும் எழுது என்றேன். விற்பனை வளர்ச்சி நின்றுபோவது, பெரிய வாடிக்கையாளர்கள் தாங்களே சிப் செய்யத் தொடங்குவது, நிறுவனம் திரும்பத் திரும்பப் புதுப் பங்கு வெளியிட்டு நிறுவனத்தில் நமக்குள்ள உரிமையின் அளவைக் குறைப்பது, இப்படி. விலை இறங்குவது அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்த வருடம் வீடு வாங்க அவன் கட்ட வேண்டிய முற்பணமும் இதற்குள்தான் கிடக்கிறது என்பதைக் கடைசியில்தான் சொன்னான்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் காசுக்கு ஆராய்ச்சியே தேவையில்லை, அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும்.

வைத்திருந்ததில் மூன்றில் ஒரு பகுதியை விற்றான். போட்ட முதல் கைக்கு வந்தது. அதன் பிறகும் விலை ஏறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். நான் பதில் போடுவதில்லை.

உங்கள் எழுத்தாளர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு பங்கைச் சிபாரிசு செய்தால், எது நடந்தால் அந்தச் சிபாரிசைத் திரும்பப் பெறுவீர்கள் என்றும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்.

என்னுடைய கணினிப் பங்கு முழுவதும் இன்னும் என்னிடமே இருக்கிறது. ஏன் என்று கேட்டால் சொல்ல என்னிடம் காரணம் இல்லை. திங்கட்கிழமை தரகருக்கு அழைப்பு எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.